மூன்றரையாவது இடம்

யாரும் முதலிடம் தராத ஒருத்தி முதலிடத்தில் நின்றாள். அது எப்படி என்றுதான் செயலாளருக்குப் பிடிபடவில்லை.

திரைப்பட விமர்சகர் வட்டத்துக்கு நாலாவது மாடியில் இரண்டு அறைகள். முன் அறையில் ஒரு நீள மேஜையும் ஒன்றோடொன்று ஒட்டாத பதினொரு நாற்காலிகளும் இருந்தன. பின் அறையில் ஓர் இரும்பு அலமாரி, அதன் மேல் தூசி படிந்த கேடயப் பெட்டிகள், ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. அந்தச் சின்ன மேஜையில்தான் அன்று காலை வந்த பதினொரு வாக்குச்சீட்டுகளையும் அவள் விரித்து வைத்திருந்தாள். மூன்று முறை கூட்டியாயிற்று. மூன்று முறையும் அதே விடைதான்.

ஆண்டின் சிறந்த கதாநாயகிக்கான விருது அது. பரிசுப் பணம் கிடையாது, ஒரு கேடயமும் நாலு வரிப் பாராட்டும்தான். ஆனாலும் நடிகைகள் மற்ற விருதுகளை ஹாலில் வைத்துவிட்டு இதைப் படுக்கையறையில் வைத்துக்கொள்வதாகப் பேச்சு உண்டு. படம் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள், ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தைக்குக்கூட ஒத்துக்கொள்ளாதவர்கள், சேர்ந்து தருகிற விருதல்லவா.

அந்த ஒத்துக்கொள்ளாமைதான் சிக்கலே. போன ஆண்டு வரை ஆளுக்கொரு பெயர் எழுதிப் போடுவார்கள். போன ஆண்டு மூன்று பேருக்கு மும்மூன்று வாக்கு, ஒருத்திக்கு இரண்டு. மத்தியானம் ஆரம்பித்த சண்டை ஐந்து சுற்று தேநீர் தாண்டியும் ஓயவில்லை; ஒருவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்ததுதான் மிச்சம். இந்த ஆண்டு புதிதாகச் செயலாளர் ஆனவள் ஒரு மாதம் மல்லுக்கட்டி இதை மாற்றினாள். சீட்டில் இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து நடிகைகளின் பெயரும் இருக்கும். ஐந்து பேருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். ஒரே எண்ணை இருவருக்குப் போடக் கூடாது. எல்லாச் சீட்டுகளையும் சேர்த்துக் கூட்டினால் யாருக்குக் குறைந்த எண் வருகிறதோ அவர் வென்றவர். இந்த முறையில் ஒரு நயம் உண்டு. பலருக்கு இரண்டாவதாகப் பிடித்தவளுக்கும் அதற்குரிய பலன் கிடைக்கும். நாலு பேர் கூட்டுச் சேர்ந்து ஒருத்தியைத் தூக்கிவிட முடியாது.

வட்டத்தின் தலைவர் நெடுநேரம் மோவாயைத் தடவிவிட்டு, "சரிம்மா, செஞ்சு பாருங்க. சொதப்புச்சுன்னா அது உங்க தலையிலதான்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

சொதப்பியிருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

வட்டத்தில் நடிகைகளை அவர்கள் ஏற்ற வேடத்தைச் சொல்லித்தான் பேசுவார்கள். அந்த ஆண்டு ஐந்து பேர்: டாக்சி, பாடகி, வழக்கறிஞர், செவிலி, நீச்சல். டாக்சி ஓட்டுபவளாக நடித்தவள் இருபத்தாறு வருடமாக அம்மாவாகவும் அக்காவாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் வந்துபோனவள். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒரு படம் முழுக்க அவள் தோளில் உட்கார்ந்திருந்தது. அதில் ஓர் இடத்தில் பயணி இறங்கிப் போனதும் அவள் மீட்டரை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி ஒரு நிமிடம் சும்மா இருப்பாள். வசனமும் கிடையாது, கண்ணீரும் கிடையாது. தியேட்டரில் பாப்கார்ன் சத்தம்கூட நின்றுவிடும்.

செயலாளரின் தாளில் அந்த டாக்சிதான் கடைசி. முப்பத்தைந்து. பாடகி முப்பத்திநாலு, செவிலிக்கும் நீச்சலுக்கும் தலா முப்பத்திமூன்று. முதலிடம் முப்பதோடு வழக்கறிஞருக்கு. வழக்கறிஞராக நடித்த பெண்ணிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. அவளுக்கு எட்டு பேர் மூன்று போட்டிருந்தார்கள், மூன்று பேர் இரண்டு போட்டிருந்தார்கள். ஒருவர்கூட ஒன்று போடவில்லை.

டாக்சியின் வரிசை இன்னும் விசித்திரமாக இருந்தது. நான்கு சீட்டில் ஒன்று, ஐந்து சீட்டில் ஐந்து, மிச்சம் இரண்டில் ஒரு இரண்டும் ஒரு நாலும். நடுவில் யாருமே நிற்கவில்லை.

நாலு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். அதற்கு முன் வென்றவரைச் செயலாளரே தொலைபேசியில் அழைத்துச் சொல்வது வழக்கம். அறிவிப்பின் அடியில் போகப்போவதும் அவள் கையெழுத்துதான். தான் பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்த முறையே டாக்சியின் ஒரே வாய்ப்பைக் கெடுத்துவிட்டது என்றால், அந்தக் கையெழுத்தை எந்தக் கையால் போடுவது?

தலைவரைப் பின் அறைக்குக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். அவர் ஒரு நாளிதழில் ஞாயிறுதோறும் விமர்சனம் எழுதுபவர். எந்தச் செய்திக்கும் அசந்துபோகக் கூடாது என்பது அவர் கொள்கை.

"இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? பெரிய நடிப்புன்னா அப்படித்தான் ஊரையே ரெண்டாப் பிரிக்கும். அஞ்சு பேரு தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க, நாலு பேருக்கு ஆகல."

"மாத்திச் சொல்றீங்க சார். ஆடுறது நாலு பேரு. ஆகாதது அஞ்சு பேருக்கு."

"ஏதோ ஒண்ணு. கூட்டல் சரியா இருக்கா?"

கூட்டல் சரியாக இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் பதினைந்து. ஒவ்வொரு சீட்டும் பதினைந்து வந்தது. பதினொரு பதினைந்து நூற்று அறுபத்தைந்து, அதுவும் வந்தது. அப்படியானால் பேச்சுக்கே இடமில்லை என்றார் தலைவர். வாக்கெடுப்பில் பிழை இருப்பதை வட்டத்தின் முன் நிரூபித்தால் ஒழிய மறுவாக்கு கிடையாது என்பது விதி. அந்த விதியை எழுதியவரும் அவரே. "போய் அச்சுக்குக் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

கீழ்த்தளத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருந்தது செயலாளரின் நாத்தனார். வட்டத்தின் சீட்டு, அறிவிப்பு, அழைப்பிதழ் எல்லாம் அங்கேதான். கடை என்றால் இரண்டு இயந்திரம், ஒரு கணினி, காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஓர் ஆள் ஒடுங்கி நிற்கிற அளவு இடம். அறிவிப்பை அறுபது பிரதி எடுக்கச் சொல்லி, நாலு மணி வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு, செயலாளர் தாளை நீட்டினாள். நாத்தனார் படித்தாள். இயந்திரத்தின் பொத்தானுக்குப் போன விரல் அப்படியே நின்றது.

"அண்ணி, இது என்ன அண்ணி?"

"முடிவு."

"எங்க அண்ணன் அவர் கல்யாணத்துல அழல, பாப்பா பொறந்தப்பவும் அழல. டாக்சி படத்துல அழுதுட்டு, ஏசி காத்து கண்ணுல பட்டுருச்சுன்னாரு. பக்கத்துல நீங்களும்தான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தீங்க. அந்தம்மாவுக்குக் கடைசி இடமா?"

அஞ்சு பேருக்கு ஆகவில்லை, என்ன செய்வது என்றாள் செயலாளர். சொல்லும்போதே அவளுக்கு அது சுரத்தில்லாமல் கேட்டது.

"யாரு அந்த அஞ்சு பேரு? உங்க ஆளுங்க வருஷம் பூரா எழுதினது எல்லாத்தையும் நான்தான் நகல் எடுத்து ஃபைல்ல போட்டிருக்கேன். அந்தம்மாவைத் திட்டி ஒரே ஒரு வரி காட்டுங்க. காட்டிட்டா அறுபது என்ன, அறுநூறு எடுத்துத் தரேன்."

சவாலுக்காக இல்லாவிட்டாலும் சந்தேகத்துக்காகச் செயலாளர் ஃபைலை வாங்கிப் புரட்டினாள். நாத்தனார் சொன்னது சரி. வட்டத்தில் "கத்தரி" என்று ஒருவர் இருந்தார். எந்தப் படமானாலும் இருபது நிமிடம் வெட்டலாம் என்று முடிப்பார். டாக்சி படத்துக்கு அவர் ஒரு நிமிடம்கூட வெட்டச் சொல்லவில்லை. "அரை" என்று இன்னொருவர். முழு மதிப்பெண் தருவது தன் கௌரவத்துக்கு இழுக்கு என்று ஒவ்வொன்றிலும் அரையைக் குறைத்துக்கொள்பவர். அவரே நாலரை கொடுத்திருந்தார். தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஸ்டியரிங் காட்சிக்காகவே இரண்டாவது தடவை டிக்கெட் எடுத்ததாக எழுதியிருந்தார். அவர் கட்டுரையின் தலையில் வரிசையாக ஐந்து நட்சத்திரம்.

ஐந்து நட்சத்திரம்.

செயலாளர் அந்த ஐந்தையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அடுத்த தாளிலும் ஐந்து. நீச்சல் படத்தின் விமர்சனத்தைத் தேடி எடுத்தாள். அங்கே ஒன்றே ஒன்று, அதுவும் மனமில்லாமல். அஞ்சு பேரு தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க என்று தலைவர் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. அவர் மாற்றிச் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது சரி.

"அச்சை நிறுத்து" என்றாள்.

"நான் ஆரம்பிக்கவே இல்லையே அண்ணி."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியேறினாள். பின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சீட்டுகளை மறுபடி விரித்தாள். இந்த முறை எண்களைக் கூட்டவில்லை; எண்கள் எழுதப்பட்டிருந்த விதத்தைப் பார்த்தாள். ஏழாவது சீட்டில் அகப்பட்டது. பாடகியின் பெயருக்கு எதிரே யாரோ முதலில் மூன்றரை என்று எழுதி, யோசித்து, அரையை அடித்துவிட்டு, மூன்றையும் திருத்தி நாலாக்கியிருந்தார்கள். மூன்றரை நட்சத்திரம் உண்டு. மூன்றரையாவது இடம் என்று உலகத்தில் எங்கே இருக்கிறது?

நடந்தது இதுதான். அவள் எண் போடச் சொன்னாளே தவிர, எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று சீட்டில் சொல்லவில்லை. குறைந்த எண் வெல்லும் என்பது தலைவர் கையெழுத்துப் போட்ட தாளோடு நின்றுவிட்டது. பந்தயத்தில் ஜெயித்தவருக்கு ஒன்று என்பது சொல்லித் தெரிய வேண்டியதா என்று விட்டுவிட்டாள். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் அது சரியாகவே நடந்திருக்கும். ஆனால் வாரத்துக்கு நாலு படத்துக்கு நட்சத்திரம் போட்டுப் போட்டுப் பழகிய கை, பிடித்தவர் பெயரைப் பார்த்ததும் தானாக ஐந்து போட்டுவிடும். அவளுக்கு இது தோன்றாமல் போனதற்கும் காரணம் உண்டு. அவள் விமர்சனம் செய்வது வானொலியில். வெள்ளிதோறும் ஏழு நிமிடம் பேசுவாள். வானொலியில் நட்சத்திரம் ஏது?

தப்பு ஏன் கூட்டலில் தெரியவில்லை என்பதும் இப்போது புரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்பதைத் திருப்பிப் போட்டாலும் பதினைந்துதான். வழக்கறிஞர் எப்படி ஜெயித்தாள் என்பதற்குப் பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசாப் பலகையை நினைத்தால் போதும். ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே வரும். திருப்பினால் இரண்டும் இடம் மாறும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் மூன்று மூன்றுதான். பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமுமாக எண்ணியபோது, எல்லோருக்கும் பிடித்த டாக்சி மேலும் கீழும் ஆடி அடிபட்டுப் போனாள். ஆடாமல் நடுவில் இருந்தவள் ஜெயித்துவிட்டாள்.

ஏழாவது சீட்டைக் காட்டினால் நிரூபணம் ஆகிவிடும். ஆனால் அந்த அரையை அடித்த கை யாருடையது என்று முன் அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரகசிய வாக்கு ரகசியமாக இருக்காது. செயலாளர் சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டினாள். ஒரு வெள்ளைத் தாளைப் பதினோரு துண்டாகக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள்.

முன் அறையில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிந்திருந்தன; ஒரு பழைய படத்தின் முடிவு சரியா தப்பா என்று வழக்கமான யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவள் தன்னையும் சேர்த்துப் பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். காலையில் தங்களுக்கு மிகவும் பிடித்த நடிகைக்கு என்ன எண் போட்டார்கள், அந்த ஒற்றை எண்ணை மட்டும் எழுதி மடித்துத் தர வேண்டும்; நடிகை பெயர் வேண்டாம், தங்கள் பெயரும் வேண்டாம் என்றாள்.

"இதுல என்ன கேள்வி இருக்கு?" என்றார் கத்தரி, எழுதிக்கொண்டே. "சின்னப் புள்ளைக்குத் தெரியும்."

"எழுதுங்க சார். சின்னப் புள்ளைக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியுதான்னு பாப்போம்."

துண்டுகளைத் தலைவரையே பிரித்து உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் முதலாவதைப் பிரித்து ஐந்து என்றார். இரண்டாவது ஐந்து. மூன்றாவதைப் பிரித்தவர், யாரோ விளையாடுகிறார்கள் என்பது போல மேஜையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்று என்றார். அறையில் மென்று கொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். ஐந்து, ஒன்று, ஒன்று, ஐந்து என்று போய்க் கடைசியில் ஐந்து என்பது ஆறு முறையும் ஒன்று என்பது ஐந்து முறையும் வந்திருந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் அஞ்சு போட்டேன்" என்றார். "போட்டுட்டு, இவங்களை உக்கார வெச்சு, பெரிய நடிப்பு ஊரை ரெண்டாப் பிரிக்கும்னு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பிரிச்சதே நான்தான்."

கத்தரிதான் முதலில் சிரித்தார். அப்புறம் யார் யார் எந்தப் பக்கம் எண்ணினார்கள் என்று மேஜை முழுக்கக் கலகலத்தது. ஒன்று போட்டவர்கள் ஐந்து போட்டவர்களைக் கேலி செய்ய, ஐந்து போட்டவர்கள் நியாயம் பேச, எல்லோருக்கும் மேல் அரை என்பவர் கையைத் தூக்கி, தானே தன் ரகசியத்தை உடைத்தார்.

"ஒரே எண்ணை ரெண்டு பேருக்குப் போடக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க, சரி. அரையும் போடக் கூடாதுன்னு போட்டிருந்தா நான் பத்து நிமிஷம் தவிச்சிருக்க மாட்டேன்ல?"

மறுவாக்குக்குத் தலைவரே முன்மொழிந்தார். அந்த ஆறு சீட்டைத் திருப்பி எண்ணினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். எந்த ஆறு என்று எப்படித் தெரியும், சீட்டில் பெயர் இல்லையே என்றாள் செயலாளர். இது திருப்பிப் போட்ட சீட்டாக இருக்கும் என்று ஊகித்துத் திருப்பினால், அப்புறம் விருது கொடுப்பது பதினோரு பேர் இல்லை, அவள் ஒருத்திதான். கேட்டவர் ஒப்புக்கொண்டார். மணி இரண்டேகால் ஆகியிருந்தது.

கீழே ஓடினாள். கதையைக் கேட்டு நாத்தனார் காகிதக் கட்டில் சாய்ந்து சிரித்துவிட்டு, புதுச் சீட்டை அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள். பாதியில் நிறுத்தி, ஒன்று என்றால் சிறந்தது என்று பெரிதாகப் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்றாள். அதையும் யோசித்துப் பார்த்ததாகச் சொன்னாள் செயலாளர். பழகிய கை அறிவிப்பைப் படிப்பதில்லை. எண்ணுக்கு இடம் இருந்தால் அது தன் எண்ணைத்தான் போடும்.

மூன்று மணிக்குப் புதுச் சீட்டுகள் வந்தன. இந்த முறை பத்துப் பேரும் எட்டிப் பார்க்க, முன் அறை மேஜையிலேயே எண்ணினாள். டாக்சி பதின்மூன்று, ஒன்பது சீட்டில் முதல், இரண்டில் இரண்டாவது. பாடகி இருபத்தேழு. வழக்கறிஞர், யாரையும் உறுத்தாமல், மூன்றாவது.

வழக்கப்படி எல்லோரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுச் செயலாளர் தொலைபேசியில் எண்ணை அழுத்தினாள். டாக்சியாக நடித்தவள் ஏதோ குரல் பதிவுக் கூடத்தில் இருந்தாள். இடைவேளை, சொல்லுங்க என்றாள். விருது விவரத்தைக் கேட்டதும் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னாள். பிறகு, "துணை நடிகைதானே? எந்தப் படத்து அம்மாவுக்குங்க?" என்று கேட்டாள்.

"அம்மா இல்லைங்க. கதாநாயகி. டாக்சிக்கு."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று செயலாளர் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். அப்புறம் அங்கே யாரிடமோ, "கதாநாயகியாம்டி, நானு" என்று சொல்வது கேட்டது. அதன் பின்னால் ஒரு சிரிப்பு, இருபத்தாறு வருடப் பக்கத்து வீட்டுக்காரிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பது போல. மூச்சு விடக் கூடாது என்ற கட்டளையை முதலில் மீறிக் கைதட்டியவர் தலைவர்.

நாலு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவதற்குள் செயலாளருக்குப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. பின் அறைக்குப் போய் வட்டத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்து, அடுத்த ஆண்டுக்காரருக்கு விளங்கும்படி எழுதினாள்:

"வாக்குச்சீட்டில் எண் கேட்கக் கூடாது, பெயர் கேட்க வேண்டும். சீட்டில் ஐந்து வரிகள் இருக்கும். முதல் வரியில், இந்த ஆண்டு மிகச் சிறந்தவர் என்று அச்சிட்டு, பக்கத்தில் வெற்றிடம் விட வேண்டும். அதன் கீழே உள்ள நான்கு வரிகளிலும், அவருக்கு அடுத்தவர் என்று அச்சிட்டு வெற்றிடம் விட வேண்டும். விமர்சகர் பெயர்களை மட்டும் எழுதுவார். முதல் வரிக்கு ஒன்று, கடைசி வரிக்கு ஐந்து என்று எண் போடுவது எண்ணுகிறவரின் வேலை."